மாடிவீட்டுக்கும் உள்ளே இருக்கும் சாமானுக்கும் காப்புறுதி: மட்டக்களப்பு, அம்பாறையில் முதல்முறை எடுப்பவருக்கு

வீட்டுக்குக் காப்புறுதி இருக்கிறதா என்று கேட்டால் பலர் சொல்லும் பதில், "ஓம், பேங்கில லோன் எடுக்கக்குள்ள போட்டது." அந்தப் பத்திரத்தைத் தேடி எடுத்து மேசையில் விரியுங்கள். 'அட்டவணை' என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் மூன்று இடங்களைப் பாருங்கள். காப்புறுதித் தொகை பெரும்பாலும் கடன் தொகையை ஒட்டியே இருக்கும். நட்டஈட்டில் முதலுரிமை வங்கிக்கு. காப்புறுதி செய்யப்பட்ட சொத்து என்ற இடத்தில் 'கட்டடம்' என்று ஒரே சொல். டீவி, பிரிட்ஜ், அலுமாரி, உடுப்பு ஒன்றும் அதற்குள் வராது. கடனோடு சேர்த்து இன்னொரு பத்திரமும் தந்திருப்பார்கள். அது கடனாளி இறந்துபோனால் மீதிக் கடனை அடைக்கும் ஆயுள் காப்புறுதி. வெள்ளத்தில் கட்டில் ஊறினால் அதனால் ஒரு சதமும் வராது.

எங்கள் பக்கத்தில் மாடிவீட்டுக்காரர் மூன்று வகை. பிள்ளைகளின் படிப்புக்காகவோ ஆஸ்பத்திரித் தேவைக்காகவோ கொழும்பில் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் பிளட் வாங்கிப் போட்டவர்கள். சுனாமிக்குப் பிறகு கல்முனை போன்ற இடங்களில் எழுந்த தொடர்மாடி வீட்டுத்திட்டங்களில் குடியிருப்பவர்கள். மூன்றாவது வகையினர் தங்களை மாடிவீட்டுக்காரர் என்று நினைப்பதே இல்லை: மூத்த மகளுக்குக் கீழ்வீடு, இளைய மகளுக்கு மேலே பிளேட் (கொங்கிறீட் தளம்) போட்டு மேல்வீடு என்று சீதனம் கொடுத்த குடும்பங்கள். மூன்றுக்கும் காப்புறுதி ஒரே மாதிரி எழுத முடியாது.

முதலில்: எது யாருடையது

முறையாகப் பதிவான தொடர்மாடிக் கட்டடங்களை ஆள்வது 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும். அதன்படி வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இருக்கும். தூண், வெளிச்சுவர், மொட்டைமாடி, படிக்கட்டு, லிப்ட், தண்ணீர்த் தாங்கி, மோட்டர் அறை போன்ற பொதுப் பகுதிகளைப் பார்ப்பது அந்தக் கூட்டுத்தாபனம். கட்டடத்தைத் தீக்கும் பிற ஆபத்துகளுக்கும் காப்புறுதி செய்துவைப்பதும் அதன் கடமைகளில் ஒன்று. அந்தப் பிரீமியம் (காப்புறுதிக்குக் கட்டும் பணம்) உங்கள் மாதாந்தப் பராமரிப்புக் கட்டணத்துக்குள்ளேயே போகும்.

உங்கள் வீட்டின் எல்லை எங்கே முடிகிறது என்பது, கட்டடத்தை வீடு வீடாகப் பிரித்துக் காட்டும் கூட்டாதன (கொண்டோமினியம்) வரைபடத்தில் இருக்கும். வழக்கமாகச் சுவரினதும் தளத்தினதும் நடுக்கோடே எல்லை. ஆனால் காப்புறுதிக்கு இதைவிட முக்கியமான கேள்வி, கட்டியவர் கையளித்த வீட்டுக்கும் இன்று உள்ளே இருக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம். குசினியில் நீங்கள் அடித்த பான்ட்றி, மாற்றிய டைல்ஸ், பொய்க்கூரை, சுவரோடு பொருத்திய அலுமாரி, ஏசி ஆகியவற்றைக் கூட்டுத்தாபனத்தின் பத்திரம் பெரும்பாலும் கணக்கில் எடுத்திருக்காது. சாமான்களை அது எடுக்கவே எடுக்காது.

ஆகவே முகாமைத்துவ அலுவலகத்துக்குப் போய், கட்டடப் பத்திரத்தின் பிரதி, அட்டவணை, கடைசிப் பிரீமியப் பற்றுச்சீட்டு மூன்றையும் கேளுங்கள். பணம் கட்டும் உரிமையாளர் நீங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். கையில் கிடைத்ததும் இவற்றைப் பாருங்கள்: முடிவுத் திகதி கடந்துவிட்டதா, தொகை கட்டடத்தை மீளக் கட்டும் செலவுக்கு எட்டுமா, ஆபத்துகளின் பட்டியலில் வெள்ளமும் புயலும் இருக்கின்றனவா, கழிவுத்தொகை எவ்வளவு, பொருத்திய உள்வேலைகள் சேர்ந்தவையா.

கழிவுத்தொகை என்பது ஒவ்வொரு கோரிக்கையிலும் கம்பனி கழித்துக்கொள்ளும் பங்கு. முகவர்கள் 'எக்செஸ்' என்பார்கள். கட்டடப் பத்திரத்தில் இது பெரிய தொகையாக இருந்தால், சேதம் வந்த அன்று அதை யார் தலையில் கட்டுவது என்ற சண்டை வீட்டுக்காரர் கூட்டத்தில்தான் நடக்கும். முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மூன்றாம் மாடியில் இருக்கிறோம், வெள்ளம் நமக்கெதற்கு என்பவர்கள் கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கள். மோட்டர் அறை, மின்மீட்டர் பலகை, ஜெனரேட்டர், லிப்ட் குழி எல்லாம் நிலமட்டத்தில். அங்கே இரண்டடி தண்ணீர் ஏறினால் மேல்மாடிக்குத் தண்ணீரும் இல்லை, கரண்டும் இல்லை. கட்டடப் பத்திரத்தில் வெள்ளம் இல்லையென்றால் அதைத் திருத்தும் செலவு உங்கள் பங்குவீதப்படி மேலதிகக் கட்டணமாக வரும்.

கூட்டுத்தாபனம் பெயரளவில் மட்டும் இருக்கிற, அல்லது அதுவும் இல்லாத கட்டடங்கள் உண்டு. அப்படியானால் உங்கள் வீட்டின் கட்டடப் பகுதியையும் சேர்த்துத் தனியாக எழுத முடியுமா என்று கம்பனியிடம் கேளுங்கள். சில கம்பனிகள் ஒத்துக்கொள்ளும். ஆனாலும் கூரையும் தூணும் படிக்கட்டும் காப்பில்லாமலே இருக்கும் என்பதை மனதில் வையுங்கள். கூட்டுத்தாபனத்தை இயங்கவைக்கும் முயற்சிக்குக் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையை அணுகலாம்.

மேல்வீடு, கீழ்வீடு, சீதன உறுதி

இங்கே அதிகம் தவறுவது பெயரில். வீடு மகளின் பெயரில் சீதன உறுதியாக எழுதப்பட்டிருக்கும், பெற்றோருக்குச் சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) இருக்கும். காப்புறுதியோ பழக்கத்தில் தகப்பனின் பெயரில் போகும். சேதம் வந்து உறுதியின் பிரதியைக் கேட்கும்போதுதான் சிக்கல். காப்புறுதியில் அடிப்படை விதி, சொத்து அழிந்தால் பணநட்டம் அடைகிறவரே அதைக் காப்புறுதி செய்யலாம் என்பது. உறுதியில் இருக்கும் பெயர், சீவிய உரித்துள்ளவரின் பெயர், வங்கி இருந்தால் வங்கியின் பெயர் மூன்றும் அட்டவணையில் வரவேண்டும். சாமான்கள் யாருடையதோ அவர் பெயரில் சாமான் பகுதியை எழுதலாம்.

ஒரே உறுதியில் இரண்டு குடும்பம் என்றால் கட்டடத்துக்கு ஒரே பத்திரமும் சாமானுக்கு இரண்டு பத்திரமும் எழுதுவது சுத்தமான வழி. கட்டடத்தை அக்காவும் தங்கையும் தனித்தனியாக வெவ்வேறு கம்பனியில் முழுத்தொகைக்கு எழுதினால் இரண்டு மடங்கு பணம் வராது. இரு கம்பனிகளும் நட்டத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். கட்டிய இரண்டாவது பிரீமியம் வீண்.

உறுதி இல்லாமல் பேர்மிட்டில் (அரச அனுமதிப்பத்திரத்தில்) இருக்கும் காணி, உறுதி இன்னும் கைக்கு வராத வீட்டுத்திட்ட வீடு என்றால் இருக்கிற ஆவணத்தின் பிரதியைப் படிவத்தோடு கொடுத்து, கம்பனி ஏற்றுக்கொண்டதை எழுத்தில் பெறுங்கள். முகவர் வாய்ப்பேச்சாக "பிரச்சினை இல்ல தம்பி" என்பது கணக்கில் சேராது.

தொகையைக் கணக்கிடுதல்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். தனிவீடு என்றால் கட்டடத் தொகை என்பது மீளக் கட்டும் செலவு. காணி விலை அதற்குள் வராது. நிலம் எரிவதுமில்லை, வெள்ளத்தில் போவதுமில்லை. உள்ளூரில் இப்போது கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கொன்றாக்டரிடம் சதுர அடிக்கு என்ன விலை என்று கேளுங்கள். 12,000 ரூபா என்று வைத்தால், 1,200 சதுர அடி வீட்டுக்கு 1 கோடி 44 இலட்சம். அதற்கு மேல் சுற்றுமதில், கேற், தண்ணீர்த் தாங்கி, கிணற்று மோட்டர், சோலார் தகடு ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுத வேண்டும். பெயர் சொல்லாத மதில் விழுந்தால் அது கட்டடத்துக்குள் அடங்காது என்று சொல்ல இடமுண்டு. இடிபாடு அகற்றும் செலவையும் ஒரு வரியாகக் கேளுங்கள்.

சாமானுக்கு ஒரு கொப்பியும் பேனையும் எடுத்து, வாசலில் தொடங்கி வலப்பக்கமாக அறை அறையாகப் போங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் இன்று கடையில் புதிதாக வாங்கினால் என்ன விலை என்று எழுதுங்கள். இரண்டு அறை பிளட் ஒன்றின் சாதாரணக் கணக்கு இப்படி வரும்: பிரிட்ஜ் 1,80,000, வோஷிங் மெசின் 1,20,000, டீவி 1,50,000, ஏசி 2,00,000, மெத்தையோடு இரண்டு கட்டில் 2,60,000, மூன்று அலுமாரி 2,25,000, சோபா செற் 2,00,000, சாப்பாட்டு மேசையும் கதிரைகளும் 1,20,000, அடுப்பு, ரைஸ் குக்கர், பாத்திரபண்டம் எல்லாம் 1,50,000, நாலு பேரின் உடுப்பு 4,00,000, லப்டொப்பும் போன்களும் 3,50,000, மின்விசிறி, திரைச்சீலை, புத்தகம், இஸ்திரிப்பெட்டி 1,20,000. கூட்டினால் 24 இலட்சத்து 75 ஆயிரம். தொடங்கும்போது "பத்து இலட்சம் போதும்" என்று சொன்னவரின் வீடு இது. உடுப்பு இத்தனை வரும் என்று யாரும் நம்புவதில்லை. ஒரு அலுமாரியைத் திறந்து சேலைகளை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு கவனம்? பத்திரத்தில் 'சராசரி நிபந்தனை' என்று ஒன்று இருக்கும். உண்மைப் பெறுமதியை விடக் குறைத்து எழுதியிருந்தால், குறைத்த அளவுக்கு நீங்களே உங்கள் காப்புறுதிக்காரர் என்பது அதன் பொருள். 25 இலட்சம் பெறுமதியான சாமானை 10 இலட்சத்துக்கு எழுதினால் காப்பு நூற்றுக்கு 40. வெள்ளத்தில் 5 இலட்சம் சேதம் என்றால், 10 இலட்சம் எழுதியிருக்கிறேன், 5 இலட்சம் முழுவதும் வரும் என்றுதான் நினைப்பீர்கள். வருவது 5 இலட்சத்தில் 40 வீதம், அதாவது 2 இலட்சம். அதிலும் கழிவுத்தொகை போகும். சில பத்திரங்களில் சிறிய குறைவைப் பொறுத்துக்கொள்ளும் வரி இருக்கும்; எத்தனை வீதம் வரை என்று கேளுங்கள்.

கேட்கவேண்டிய இன்னொன்று, பழையதுக்குப் புதியதா, தேய்மானம் கழித்தா? ஆறு வருடப் பிரிட்ஜுக்குத் தேய்மானம் கழித்தால் கிடைப்பது புதியதின் விலையில் ஒரு பகுதி மட்டுமே. எந்த அடிப்படையில் நட்டஈடு தருவார்களோ அதே அடிப்படையில் தொகையை எழுதவேண்டும். இரண்டையும் கலந்தால் மறுபடியும் சராசரிக் கணக்கில் மாட்டுவீர்கள்.

ஆபத்துகளின் பட்டியல்

அடிப்படைப் பத்திரம் தீயும் மின்னலும் மட்டும். மற்றவை எல்லாம் கேட்டுச் சேர்ப்பவை. கிழக்கில் விடக்கூடாதவை புயல், வெள்ளம், குழாய் வெடிப்பு, திருட்டு, மின்சாரச் சேதம். கடலோரம் என்றால் சுனாமி. 'வெள்ளம்' என்ற சொல்லுக்குள் சுனாமியும் அடங்கும் என்று எண்ண வேண்டாம். அது நிலநடுக்கத்தோடு சேர்த்து வேறு தலைப்பில் இருக்கக்கூடும். கல்லடி, காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளில் இருப்பவர்கள் அந்தச் சொல்லையே அட்டவணையில் கண்ணால் காணவேண்டும். வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்பும் தனி. 1987இல் அரசு தொடங்கிய நிதியத்தின் கீழ் வருவது, மேலதிகக் கட்டணத்துக்குக் கம்பனியே சேர்த்துத் தரும்.

புயல்மழையில் ஒரு நுணுக்கம். காற்று கூரையையோ சுவரையோ யன்னலையோ உடைத்து, அந்த உடைவு வழியாக மழை உள்ளே வந்தால்தான் பெரும்பாலான பத்திரங்கள் உள்சேதத்துக்குப் பணம் தரும். திறந்துகிடந்த யன்னல், பழைய ஓட்டு ஒழுக்கு, பிளேட்டில் மெல்லக் கசிந்த ஈரம் இவற்றுக்கு இல்லை. ஆகவே ஓடு பறந்ததும் தறப்பாள் போடுவதற்கு முன் உடைந்த இடத்தைக் கீழிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று என்று படம் எடுத்துவிடுங்கள். தறப்பாள் போட்ட பிறகு எடுத்த படத்தில் தறப்பாள் மட்டும்தான் தெரியும்.

மின்னல் இன்னொரு நுணுக்கம். மின்னல் நேரே விழுந்து எரித்தால் ஒரு கணக்கு. லைன் வழியாக அழுத்தம் ஏறி டீவியும் ரவுட்டரும் மட்டும் செத்துப்போனால் வேறு கணக்கு. தீ பிடிக்காமல் மின்சாதனம் தன்னளவில் பழுதானதை அடிப்படைப் பத்திரங்கள் விலக்கும். மின்சாரச் சேதத்தைச் சேர்க்கும் நிபந்தனையைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அதற்குத் தனி உச்சவரம்பும் பழுதுபார்ப்பவரின் அறிக்கையும் வேண்டியிருக்கும்.

படிப்படியாக வரும் கெடுதி எதற்கும் காப்பு இல்லை. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துக் கொங்கிறீட் உதிர்வது, கறையான், பூஞ்சணம், கடலரிப்பு, சரியாகக் கட்டாததால் வந்த வெடிப்பு எல்லாம் இதற்குள்.

யானை பற்றியும் சொல்லவேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் அம்பாறையின் உள்கிராமங்களிலும் சுவரை இடித்து நெல் தேடும் யானை புதினம் இல்லை. 'வாகனம் அல்லது விலங்கு மோதுதல்' என்ற வரி பத்திரத்தில் இருந்தால் காட்டு யானையும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். காப்புறுதி இல்லாவிட்டாலும் வனசீவராசிகள் திணைக்களத்திடம் சொத்துச் சேதத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

மாடிவீட்டுக்குப் பிரத்தியேகமாக ஒன்று: மூன்றாம் தரப்புப் பொறுப்பு. உங்கள் வோஷிங் மெசின் பைப் கழன்று, நீங்கள் சந்தைக்குப் போன இரண்டு மணித்தியாலம் தண்ணீர் ஓடினால், நனைவது கீழ்வீட்டுக்காரரின் பொய்க்கூரையும் மெத்தையும். அதற்கு அவர் உங்களிடம்தான் வருவார். சாமான் பத்திரத்தோடு இந்தப் பொறுப்பைச் சேர்த்தால் செலவு அதிகமில்லை, எங்கள் பார்வையில் மாடிவீட்டுக்காரர் எடுக்கவேண்டியவற்றில் முதலிடம் இதற்கே. அதோடு வெளியே போகும்போது மெசின் குழாயைப் பூட்டும் பழக்கத்தையும் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிரீமியம் இல்லை.

நகை, நெல், தறி, பூட்டிய வீடு

நகைக்குச் சாமான் தொகையில் ஒரு சிறு வீதம்தான் உச்சவரம்பு. பத்துப் பவுண் தாலிக்கொடி வீட்டில் இருந்தால் அதைத் தனிப் பொருளாக, நிறையோடும் நகைக்கடை மதிப்பீட்டுச் சீட்டோடும் எழுதவேண்டும். பவுண் விலை ஏறும்போது தொகையையும் ஏற்றவேண்டும். கல்யாண வீட்டுக்குப் போட்டுப்போன இடத்தில் தொலைந்தால், 'வீட்டுக்கு வெளியேயும்' என்ற காப்பு இல்லாமல் ஒன்றும் வராது. வங்கி லொக்கர் வாடகையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அறுவடை முடிந்து மண்டபத்தில் அடுக்கிய நெல் மூட்டை வீட்டுச் சாமான் ஆகாது, அது வியாபாரச் சரக்கு. மருதமுனையில் வீட்டோடு இருக்கும் கைத்தறி, முன்னறையில் போட்ட கடை, தையல் மெசின்கள், டியூசன் வகுப்பு எல்லாம் அப்படியே. படிவத்தில் சொல்லாமல் விட்டால் அந்தச் சரக்குக்கு மட்டும் பணம் வராமல் போவதோடு நிற்காது. முழுக் கோரிக்கையையும் மறுக்கக் காரணம் கொடுத்தவர் ஆகிவிடுவீர்கள். மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும் வீட்டுக்குள் நின்றாலும் வாகனக் காப்புறுதிக்கே உரியவை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் கொழும்புப் பிளட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கும்: தொடர்ந்து 30 நாள் போன்ற ஒரு காலம் ஆளில்லாமல் கிடந்தால் திருட்டுக்கும் குழாய் வெடிப்புக்கும் காப்பு நின்றுபோகும் என்ற நிபந்தனை வழக்கமானது. எத்தனை நாள் என்று பாருங்கள். முன்கூட்டி அறிவித்துச் சம்மதம் பெறலாம், அல்லது நம்பிக்கையான ஒருவரைக் கிழமைக்கு ஒருமுறை வந்து திறந்து பார்க்கச் சொல்லி, வந்த திகதிகளை ஒரு கொப்பியில் குறிக்கவைக்கலாம். அது போதுமா என்று கம்பனியிடம் கேட்டுவிடுங்கள். திருட்டுக்குப் பெரும்பாலும் உடைத்து நுழைந்த அடையாளம் வேண்டும். திறந்த கதவால் போனதும் வேலைக்கு வந்தவர் எடுத்ததும் வேறு.

வாடகைக்கு இருப்பவர் சாமானுக்கும் பொறுப்புக்கும் மட்டும் எடுத்தால் போதும். கட்டடம் வீட்டுக்காரர் பாடு.

படிவமும் பணமும்

மாரி தொடங்குமுன் எழுதுங்கள். செப்டெம்பர் நல்ல மாதம். நவம்பரில் வானிலை எச்சரிக்கை வந்த பிறகு புதிய வெள்ளக் காப்பு எழுதக் கம்பனிகள் தயங்கும், எழுதினாலும் தொடக்கத் திகதியைத் தள்ளிவைக்கும்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டாம். "நீங்க சைன் பண்ணுங்க, நான் நிரப்புறன்" என்று முகவர் அன்பாகச் சொன்னாலும் வேண்டாம். உங்கள் கையெழுத்துக்கு மேலே இருப்பதெல்லாம் நீங்கள் சொன்னதாகவே கொள்ளப்படும். படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழ்ப் படிவம் கேளுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துச் சொல்லவைத்து விடை எழுதுங்கள்.

வெள்ள வரலாறு கேட்பார்கள். 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26ஐயும் சொல்லத் தேவையில்லாமலே கம்பனிக்குத் தெரியும். அவர்களுக்கு வேண்டியது உங்கள் வளவு: 2011 தொடக்கத்து வெள்ளத்தில் உள்ளே தண்ணீர் வந்ததா, எத்தனை அடி, 2025 நவம்பர் தித்வாப் புயலில் என்ன நடந்தது, வாவிக்கும் தோணாவுக்கும் எத்தனை மீற்றர். வந்ததை வந்தது என்று எழுதுங்கள். பிரீமியமோ கழிவுத்தொகையோ கொஞ்சம் கூடும். மறைத்தால், சுவரில் இருக்கும் பழைய தண்ணீர்க்கோடே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

குறைந்தது மூன்று கம்பனிகளிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். பிரீமியத்தைப் பார்க்குமுன் வெள்ளத்துக்கான கழிவுத்தொகையைப் பாருங்கள். ஒன்று 'கோரிக்கையில் 10 வீதம், குறைந்தது 25,000' என்றும் மற்றது 'குறைந்தது 1,00,000' என்றும் இருந்தால், பிரீமியத்தில் மிச்சம்பிடித்த 2,000 ரூபாவுக்கு அர்த்தம் இல்லை. பொதுக் காப்புறுதிப் பிரீமியத்துக்கு வற் வரி 18 வீதமும் வேறு கட்டணங்களும் சேரும். எல்லாம் சேர்ந்த தொகையையே ஒப்பிடுங்கள். வட்டி கலக்காத முறை வேண்டுவோருக்குத் தக்காபுல் பத்திரங்கள் உண்டு. மேலே சொன்ன கேள்விகள் எல்லாம் அவற்றுக்கும் பொருந்தும்.

பணத்தைக் கம்பனியின் பெயருக்கே கட்டி, கம்பனிப் பற்றுச்சீட்டை வாங்குங்கள். பத்திரம் வந்ததும் பெயர், உறுதியில் உள்ள முகவரி, வரி இலக்கம், தொகைகள், சேர்த்த ஆபத்துகள், தொடக்க முடிவுத் திகதிகள் சரியா என்று பாருங்கள். பிழை இருந்தால் அன்றே எழுதித் திருத்துங்கள். பத்திரம், சாமான் கொப்பி, பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் படமெடுத்து வெளியூரில் இருக்கும் உறவினருக்கும் அனுப்பிவையுங்கள். வெள்ளத்தில் முதலில் ஊறுவது அலுமாரியின் கீழ்த்தட்டு. உறுதியும் பத்திரமும் அங்கேதான் இருக்கும்.

சேதம் வந்தபின்

தண்ணீர் ஏறினால் மெயின் சுவிட்ச்சை நிறுத்துங்கள். பலகை வரை தண்ணீர் வந்துவிட்டால் தொடாமல் மின்சார சபையை 1987 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119.

தண்ணீர் உச்சத்தில் நிற்கும்போது ஒவ்வொரு அறையிலும் சுவரில் பென்சிலால் கோடுபோட்டு, திகதியும் நேரமும் எழுதி, அளவு நாடாவைத் தரையிலிருந்து பிடித்துப் படம் எடுங்கள். வடிந்தபின் 'மூன்றடி வந்தது' என்ற வாய்ச்சொல்லைவிட இந்த ஒரு படம் பேசும். பிரிட்ஜ், மெசின் இவற்றின் பின்பக்கத்தில் இருக்கும் மாதிரி எண்ணையும் தொடரெண்ணையும் படமெடுங்கள்.

அன்றே கம்பனிக்குத் தொலைபேசியில் அறிவித்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அதையே வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தாக அனுப்புங்கள். படிவத்தையும் ஆவணங்களையும் எத்தனை நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்பது பத்திரத்தில் இருக்கும். திருட்டு, தீ என்றால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி. வெள்ளம், புயல் என்றால் கிராம உத்தியோகத்தரின் கடிதம், பிரதேச செயலகம் உறுதிப்படுத்தியது என்றால் நல்லது. பொது இடத்துச் சேதத்தைக் கூட்டுத்தாபனத்துக்கும் எழுத்தில் அறிவிக்கவேண்டும். இரண்டு பத்திரம், இரண்டு கோரிக்கை.

கம்பனி அனுப்பும் மதிப்பீட்டாளர் வரும்வரை ஊறிய சாமானை வீசவேண்டாம். மெத்தை நாறுகிறது, சுகாதாரக் கேடு என்றால் படமெடுத்து, கம்பனிக்குச் சொல்லி, ஒரு துண்டு துணியையும் லேபலையும் வெட்டி வைத்துக்கொண்டு அகற்றலாம். சேதம் கூடாமல் தடுப்பது உங்கள் கடமை: தறப்பாள் போடுங்கள், தண்ணீர் இறையுங்கள், அந்தச் செலவுப் பில்லை வைத்திருங்கள். நிரந்தரத் திருத்த வேலையை மட்டும் அவர் பார்க்கும்வரை தொடங்கவேண்டாம். திருத்த மதிப்பீட்டில் 'மொத்தம் 8 இலட்சம்' என்று ஒரே வரி இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். பூச்சு இத்தனை சதுர அடி, டைல்ஸ் இத்தனை, வயரிங் இத்தனை பொயின்ற், கூலி தனி என்று பிரித்து வாங்குங்கள்.

கடைசியில் 'முழு இறுதித் தீர்வாக ஏற்கிறேன்' என்ற தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். தொகை குறைவென்று தோன்றினால் கையெழுத்துக்கு முன் கணக்கைக் கேளுங்கள்: மதிப்பிட்ட சேதம், தேய்மானம், சராசரி, கழிவுத்தொகை ஒவ்வொன்றும் எவ்வளவு. திருப்தியில்லையென்றால் முதலில் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதி, எழுத்துமூலப் பதில் வாங்குங்கள். பிறகு காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் நடுநிலையாளரான காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ போகலாம். ஒம்புட்ஸ்மனிடம் போகக் கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. கம்பனியின் மறுப்புக் கடிதம், பத்திரப் பிரதி, கோரிக்கைப் படிவம், படங்கள், திகதி வரிசையில் ஒரு பக்கக் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள்.

புதுப்பிக்கும் கடிதம் வரும்போது போன வருடத் தொகையே அச்சாகி வரும். அதற்குப் பிறகு வாங்கிய ஏசி, போட்ட சோலார், மகளுக்குச் செய்த நகை இவற்றைக் கொப்பியில் சேர்த்து, புதிய தொகையை எழுதி அனுப்பிவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.